நான்காம் எதிர்மனுதாரர்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் புதிதாக வக்கீல் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஜெயித்த வழக்குகளைச் சொல்ல ஆள் பஞ்சமில்லை. மதியம் பார் அசோசியேஷன் அறையில் டிபன் டப்பா திறந்தால் போதும், கூடவே ஒவ்வொரு சீனியரும் தன் வெற்றியையும் திறந்துவிடுவார். நான் கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டி நான்கு வருடமாகிறது. இனி யாரையும் அசத்த வேண்டிய அவசியம் எனக்கில்லை. அதனால் கெடுத்த வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். தோற்ற வழக்கு என்று சொன்னால்கூட அது கொஞ்சம் கௌரவமாக இருக்கும். அதில் தீர்ப்பே கிடையாது, ஒரு வரி உத்தரவுதான்.

கட்சிக்காரரின் பெயரை மாற்றியிருக்கிறேன். அவளுடைய ஊரையும் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறேன். இந்த ஜாக்கிரதை எனக்கு எப்போது வந்தது என்பது போகப் போகப் புரியும்.

2010-ஆம் ஆண்டு நடந்தது. அப்போது இந்தப் பக்கம் எல்லா வக்கீல்களுக்கும் நிலமெடுப்பு வழக்கும் லாரி விபத்து வழக்கும்தான் சோறு போட்டன. எனக்கும் அவைதான். ஆனால் என் மனதில் நான் பெண்களுக்காக வாதாடும் வக்கீல். ஜீவனாம்ச வழக்குகளை ஆசையாக எடுப்பேன், கூட்டங்களில் பேசுவேன், பேசிவிட்டு வந்து என் பேச்சை நானே மெச்சிக்கொள்வேன். இருபத்து மூன்று வருட அனுபவம், உயர் நீதிமன்றத்துக்கும் போய்வருகிற பழக்கம், கூடவே ஒரு முக்கியமான தீர்ப்பில் என் பெயர் வர வேண்டும் என்ற ஆசை. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் கட்சிக்காரர்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

அதற்கு முந்தைய வருடம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. வடக்கே ஓர் அரசு விடுதியில் இருந்த, மனவளர்ச்சி குறைந்த ஒரு பெண் கர்ப்பமாகிவிட்டாள். அரசாங்கம் கருவைக் கலைக்கப் பார்த்தது. உயர் நீதிமன்றமும் சரி என்றது. அந்தப் பெண்ணோ குழந்தை வேண்டும் என்றாள். அவள் சம்மதம் இல்லாமல் யாரும் அதைச் செய்யக் கூடாது, பெற்றுக்கொள்வதும் பெறாமல் இருப்பதும் ஒரு பெண்ணின் சொந்தச் சுதந்திரத்தில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை நான் நகல் எடுத்து, கோடு போட்டு, பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பார் அறையில் இதைப் பற்றி வாரக்கணக்கில் பேச்சு ஓடியது. எதிர் நாற்காலியில் உட்காரும் நண்பர் ஒருவர், நல்ல மனிதர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர், ஒருநாள் என்னிடம் கேட்டார்: “எல்லாம் சரி மேடம். வாயில்லாத அந்த உசுருக்கு யாரு வக்காலத்து போடறது?” நான் சட்டென்று ஏதோ பதில் சொன்னேன், மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன். அவர் கேட்டது லேசான கேள்வி அல்ல என்று அப்போதே எனக்குத் தெரியும். இன்றைக்கும் அதற்கு எல்லோரும் ஒத்துக்கொள்கிற மாதிரி என்னிடம் பதில் கிடையாது. ஆனால் அந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லித்தான் தீர வேண்டும் என்றால், வயிற்றில் சுமக்கிறவள் சொல்லட்டும் என்பதுதான் என் கட்சி. அதில் மாற்றமில்லை. நான் சறுக்கியது வேறு இடத்தில்.

தங்கம் என் அலுவலகத்துக்கு வந்தபோது பதினைந்து வாரக் கர்ப்பம். இருபத்து மூன்று வயது, கோவில்பட்டிப் பக்கம். குடித்துவிட்டு அடிக்கிற கணவனிடமிருந்து தப்பித்து, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்து, செல்போன் கம்பெனி ஒன்றில் உற்பத்தி லைனில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வடக்குப்பட்டில் ஒரு வீட்டின் பின்புற அறையில் இன்னும் மூன்று பெண்களோடு வாடகைக்கு இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அரசு மருத்துவமனைக்குப் போனாள். அங்கே கலைக்க முடியாது என்று சொல்லவில்லை. கணவர் கையெழுத்து வேண்டும், கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். இன்னும் இரண்டு இடம் போனாள். அங்கேயும் அதையே கேட்டார்கள்.

சட்டம் இங்கே கண்ணாடி மாதிரி தெளிவு. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். பன்னிரண்டு வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து, அதற்குமேல் இருபது வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்து. கணவன் என்ற ஆளுக்கு அந்தச் சம்மதப் படிவத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. மருத்துவமனைகள்தான் தாங்களாகவே அடியில் ஒரு கோடு போட்டு ‘கணவர் கையொப்பம்’ என்று எழுதி வைத்திருந்தன. இருபது வாரம் தாண்டிவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றால் ஒழிய யாரும் தொட மாட்டார்கள். அவளுக்கு மிச்சம் இருந்தது ஐந்து வாரம்.

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நான் சட்டத்தை விளக்கிக்கொண்டே போனேன். குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றைத்தான் சொன்னாள்.

“அக்கா, அவுகளுக்குத் தெரியாம முடிஞ்சிரணும். தெரிஞ்சா வந்து கூட்டிட்டுப் போயிருவாக. நா இங்க இருக்கது அவுகளுக்குத் தெரியாது. அது ஒண்ணுதான் எனக்கு.”

சரி என்றேன். வக்காலத்தில் கையெழுத்து வாங்கினேன். அவள் போனதும் என் குமாஸ்தா ஏழுமலை, நேராக அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் சட்டப் புத்தகத்தைக் காட்டிப் பேசினால் என்ன என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நான் அந்நேரம் வேறு கணக்கில் இருந்தேன். ஒரு டாக்டரிடம் பேசினால் ஒரு பெண்ணுக்கு வேலை முடியும். ரிட் மனு போட்டு, கணவர் கையெழுத்து கேட்பதே சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றத்தின் வாயால் சொல்ல வைத்தால் எத்தனையோ பெண்களுக்கு வழி திறக்கும். இதை ஏழுமலையிடம் பிரசங்கமாகச் சொன்னேன். அவர், நீங்க சொன்னா சரி மேடம் என்று கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த வாதத்தில் பொய் இல்லை என்பதுதான் கஷ்டம். எத்தனையோ பெண்களுக்கு அது உதவியிருக்கும். ஆனால் என்னிடம் வந்தது ஒருத்தி. அவளுக்கு ஐந்து வாரத்தில் முடிகிற, யாருக்கும் தெரியாமல் முடிகிற ஒரு காரியம் வேண்டியிருந்தது. அதற்கு நீதிமன்றமே தேவைப்படவில்லை. சட்டம் ஏற்கெனவே கொடுத்திருந்த ஒன்றுக்கு நான் அனுமதி கேட்கப் போனேன். கேட்கத் தேவையில்லாத இடத்தில் போய்க் கேட்டால், கொடுக்கலாமா வேண்டாமா என்று எதிரில் இருப்பவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். இது நம் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மளிகைக் கடைக்காரர் செய்ய மாட்டார்.

மனுவுக்கு ஆதரவான அஃபிடவிட்டை, அதாவது அவள் பெயரில் போகும் பிரமாண வாக்குமூலத்தை, ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். ஆங்கிலத்தில் இருபத்தெட்டுப் பக்கம். அவள் பட்ட அடி, எடுத்த முடிவு, போன மருத்துவமனைகள் எல்லாம் அதில் இருந்தன. சம்மதம் என்ற சொல் மட்டும் எத்தனை இடத்தில் வந்திருக்கும் என்று எண்ணவில்லை, நிறைய. தங்கம் ஷிஃப்ட் முடிந்து வந்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தமிழில் கையெழுத்துப் போட்டாள். சுருக்கமாக விஷயத்தைச் சொன்னேன். தலையாட்டினாள். மூன்று எதிர்மனுதாரர்கள்: சுகாதாரத் துறைச் செயலாளர், மாவட்ட இணை இயக்குநர், அந்த மருத்துவமனையின் தலைமை மருத்துவர். கணவனைச் சேர்க்கவில்லை. சேர்க்காமல் இருப்பதுதான் வழக்கின் உயிரே.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், நானும் ஏழுமலையும் சென்னையில் உயர் நீதிமன்றத்தில் இருந்தபோதே, பதிவுத் துறையிலிருந்து மனு திரும்பி வந்தது. பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தார்கள். பாதிக்கப்படக்கூடிய கணவரை ஏன் ஒரு தரப்பாகச் சேர்க்கவில்லை? விளக்கவும்.

விளக்கம் எழுதியிருக்கலாம். சட்டப் பிரிவைக் காட்டி, அவர் தேவையான தரப்பல்ல என்று நாலு வரி போதும். அப்படி எழுதினால் மனு, வழக்கு எண் கொடுப்பதற்கு முன்பாகவே, அது ஏற்கத்தக்கதா என்று நீதிபதி முன்னால் போகும். மூன்று நாளோ ஒரு வாரமோ ஆகும். பதினாறு வாரம் முடிந்துகொண்டிருந்தது. சேர்த்துவிட்டால் அன்றைக்கே எண் கிடைக்கும், திங்கட்கிழமை விசாரணைக்கு வரும். பதிவுத் துறை ஜன்னல் மூட முக்கால் மணி நேரம் இருந்தது.

தங்கத்துக்கு போன் போட்டேன். செல்போன் செய்கிற கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. அது லாக்கரில் அடித்துக்கொண்டிருந்திருக்கும். இரண்டு தடவை அடித்துவிட்டு வைத்தேன். ஏழுமலை பக்கத்தில் நின்றிருந்தார்.

“மேடம், அந்தப் பொண்ணாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு போட்டா இன்னா? திங்கக்கெழம வந்து குடுத்துக்கலாமே.”

உங்களுக்குச் சட்டம் தெரியுமா எனக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டேன். பிறகு பேனாவை எடுத்து, மூன்றாம் எதிர்மனுதாரருக்குக் கீழே நான்கு என்று எண் போட்டு, அவள் கணவனின் பெயரையும் ஊரையும் எழுதினேன். திருத்தம் என்பதற்காக ஓரத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். அதே பக்கத்தின் அடியில் அவள் கையெழுத்து முன்பே இருந்தது. அவளுக்குத் தெரியாத ஒரு வரி அவள் கையெழுத்துக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

கால அவகாசம் இல்லாமல் எடுத்த முடிவு என்று நான் பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவகாசம் இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாள் முழுசாக இருந்தன. சனிக்கிழமை காலையில் வடக்குப்பட்டுக்கு ஆட்டோவில் போனால் இருபது நிமிடம். போகவில்லை. எண் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் வாதத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் சொன்னால் வேண்டாம் என்பாள் என்று எனக்கு உள்ளூரத் தெரியும். அதனால்தான் போகவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

திங்கட்கிழமை நீதிபதி ஆர்வமாகக் கேட்டார். முக்கியமான கேள்வி, விரிவாகப் பார்க்க வேண்டியது என்றார். எனக்குக் காது குளிர்ந்தது. எல்லா எதிர்மனுதாரர்களுக்கும் நோட்டீஸ், மனுதாரர் தரப்பு தனியாகவும் அனுப்பலாம், இரண்டு வாரம் கழித்து விசாரணை என்று உத்தரவானது. இரண்டு வாரம் என்றதும், அவளுக்கு இருப்பதே மூன்று வாரம்தான், நாளைக்கே வையுங்கள் என்று கெஞ்சியிருக்க வேண்டும். நன்றி சொல்லித் தலைவணங்கி வெளியே வந்தேன்.

மறுநாள் என் அலுவலகத்திலிருந்து நான்கு பதிவுத் தபால்கள் போயின. ஒவ்வொன்றிலும் மனுவின் முழு நகல். மனுவின் முதல் பக்கத்தில், எல்லா மனுக்களிலும் இருப்பது போலவே, மனுதாரரின் பெயர், தகப்பனார் பெயர், வயது, கதவு எண், தெரு, வடக்குப்பட்டு. உறையின் மேல் என் பெயரும் முத்திரையும்.

இதே கருக்கலைப்புச் சட்டத்தின் கீழ் டாக்டர்களுக்கு ஒரு விதி இருக்கிறது. அந்தப் பெண் கையெழுத்திட்ட படிவத்தை உறையில் போட்டு, சீல் வைத்து, மேலே ரகசியம் என்று எழுத வேண்டும். பெயர் வெளியே போனால் தண்டனை. அதை நான் மனுவில் மேற்கோள் காட்டியிருந்தேன். மேற்கோள் காட்டிய அதே மனுவைத்தான் கோவில்பட்டிக்கு அனுப்பினேன்.

அடுத்த வாரம் அவள் எண்ணுக்கு அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு வடக்குப்பட்டுக்குப் போனேன். வீட்டுக்காரம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் யாரென்று கேட்டார். பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

“ரெண்டு ஆம்பளைங்க வந்தாங்கம்மா. கையில கோர்ட்டு காயிதம். உங்க பேரு போட்ட கவரு. என் வூட்டு நம்பரே அதுல கீது. புருசன்னு சொல்றான், நா இன்னான்னு தடுக்க? அந்தப் பொண்ணு ஒரு பேச்சு பேசல. பைய எடுத்துக்கினு கூட நடந்துச்சு.”

கணவனும் அவன் அண்ணனுமாம். அந்த ஆங்கில நகலை ஊரில் ஒரு வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்லியிருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. அடித்ததும், ஓடியதும், கலைக்க நினைத்ததும் தெருவே கேட்டிருக்கிறது. நான் எழுதிய இருபத்தெட்டுப் பக்கத்துக்கு அவ்வளவு கவனமான வாசகர்கள் நீதிமன்றத்தில்கூடக் கிடைத்திருக்க மாட்டார்கள்.

விசாரணை நாளில் நான்காம் எதிர்மனுதாரர் தன் வக்கீலோடு ஆஜரானார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. அவருக்கு இரண்டடி பின்னால் தங்கம். சமாதானமாகிவிட்டோம், மனுதாரர் மனுவைத் திரும்பப் பெற விரும்புகிறார் என்றார் அவர் வக்கீல்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம். அதுவும் அவள் மேல். இவ்வளவு தூரம் கொண்டுவந்த வழக்கை இப்படிக் கைவிடுகிறாளே என்று. நீதிபதி என்னைப் பார்த்தார். அவளைத் தனியாக, உங்கள் அறையில் வைத்து விசாரியுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டிய நொடி அது. அந்த ஒரு கோரிக்கைக்காகத்தான் ஒரு வக்கீல் அங்கே நிற்கிறாள். நான் கோபத்தை அடக்கிக்கொண்டு கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நீதிபதி தாமாகவே அவளிடம் தமிழில் கேட்டார், யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று.

“இல்லைங்கய்யா. என் சம்மதம்தான்.”

கணவன் பக்கத்தில் நிற்க, அண்ணன்காரன் கதவருகில் நிற்க, அவள் அதைச் சொன்னாள். திரும்பப் பெறப்பட்டதால் தள்ளுபடி என்று உத்தரவு. மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் கணவன் தன் வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தான். தங்கம் தூணோரம் நின்றாள். நான் பக்கத்தில் போனேன். அவள் அழவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

“ஏன்க்கா அவுகளுக்கு லெட்டர் போட்டிய?”

“கோர்ட்ல கேட்டாங்க, தங்கம்” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோர்ட்டில் கேட்டார்கள் என்றால் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்று நம்பிய தலையாட்டல் அது. பதிவுத் துறை கேட்டது ஒரு விளக்கம். ஆளைக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. கணவன் கூப்பிட்டான், போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை யாரிடமும் சொல்லாமல் மதியம் இன்னொரு வழக்கில் வாதாடி ஜெயித்தேன்.

அதற்குப் பிறகு என் அலுவலகத்தில் ஒரு பழக்கம் வந்தது. எந்த மனுவானாலும் முதல் பக்கத்தைக் கட்சிக்காரருக்குத் தமிழில் வாய்விட்டுப் படிப்பேன். இதில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் இந்தக் காகிதம் போகும், உங்கள் விலாசத்தோடு போகும், சரியா என்று கேட்பேன். பெண்கள் வழக்கு என்றால் பெயருக்குப் பதில் ஓர் எழுத்து மட்டும் போட்டு, விலாசத்துக்கு என் அலுவலகத்தைக் கொடுத்து, அதற்கு அனுமதி மனு போடுவேன். இதில் மேதைமை ஒன்றும் இல்லை. வழக்கமாக நிரப்புகிற இடங்களை நிரப்பும் முன் ஒருமுறை யோசிப்பது, அவ்வளவுதான். ஜூனியர்கள் என்னைக் கிறுக்கு என்றார்கள். ஏழுமலை அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி என்னிடம் ஒருபோதும் பேசியதில்லை, அதுவே எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

2014-இல் ஒரு நாள் காலை, தங்கம் மறுபடியும் வந்தாள். சற்றுக் கனத்திருந்தாள். வேறொரு கம்பெனியின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. கணவனை விட்டு வந்து ஒன்றரை வருடமாகிவிட்டதாம். அன்றைக்கு வயிற்றில் இருந்தது பெண் குழந்தை, தங்கத்தின் அம்மாவிடம் ஊரில் வளர்கிறதாம். இந்தத் தடவை வெளியே வருவதற்கு எந்த வக்கீலையும் அவள் பார்க்கவில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் தானே பேசி, கணவனுடைய அம்மாவையே தன் பக்கம் திருப்பிவிட்டு வந்திருக்கிறாள். என்னைவிட நல்ல வக்கீல்.

அவளோடு இன்னொரு பெண் வந்திருந்தாள். அதே லைனில் வேலை செய்கிறவள். அவள் கதை அவளுடையது, இங்கே எழுத மாட்டேன். பதினோரு வாரம், அதே மருத்துவமனை, அதே கணவர் கையொப்பம். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கம் சொல்லிவிட்டாள்.

“கேஸ் எல்லாம் வேணாம்க்கா. ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வந்தியன்னா போதும்.”

போனேன். நான்கு வருடம் முன்பு மூன்றாம் எதிர்மனுதாரராகச் சேர்த்து நான் நோட்டீஸ் அனுப்பிய அதே டாக்டரம்மாதான் இருந்தார். அதுவரை அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. என் பெயர் அவருக்கு ஞாபகம் இருந்தது. உட்காரச் சொன்னார். சட்டப் புத்தகத்தைத் திறந்தேன். கையைக் காட்டி மூடச் சொன்னார்.

“சட்டம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா மேடம்? முன்னாடி ஒருத்தியோட புருஷன் பத்து பேரோட வந்து லேபர் வார்டு கண்ணாடிய உடைச்சான். நர்ஸ் கையில தையல் போட்டோம். அன்னைலேர்ந்துதான் அந்தக் கோடு.”

அவருக்கு இது பிடித்த வேலை இல்லை என்றும் சொன்னார். அவர் வீட்டில் இதைப் பாவம் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். செய்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் கண்ணை மூடிப் பிரார்த்திப்பாராம். செய்யாவிட்டால் அந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்பதையும் அவர் பார்த்திருக்கிறார், அவர்களைக் குற்றுயிராகத் தூக்கிக்கொண்டு வருவதும் இதே வார்டுக்குத்தான். பார் அறையில் நாங்கள் வாரக்கணக்கில் பேசிய இரண்டு பக்கமும் ஒரே ஆளுக்குள் இருந்து, அவர் தினமும் எட்டு மணிக்கு வேலைக்கும் வந்துகொண்டிருந்தார். கணவர் கையெழுத்து தேவையில்லை, அதனால் யாராவது தகராறு செய்தால் நானே வந்து நிற்பேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவர் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். படிவத்தின் அடியில் இருந்த அந்தக் கோட்டைத் தன் பேனாவால் அடித்துவிட்டு, அந்தப் பெண்ணைத் தனியாக உள்ளே கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு நர்ஸிடம் ஓர் உறை கேட்டார். மொத்தம் அரை மணி நேரம் ஆகவில்லை.

நானும் தங்கமும் வெளியே சாலையோரம் நின்றோம். அந்த அரை மணி நேரம் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இதை அவளுக்கு நான் செய்திருக்க முடியும், ஐந்து வாரம் கையில் வைத்துக்கொண்டு. அவள் ஷிஃப்டுக்குப் போக வேண்டும், கம்பெனி பஸ் வரும் நேரம். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். பழக்க தோஷம், முதலில் எனக்குச் சாதகமாக ஏதாவது சாட்சி கிடைக்குமா என்றுதான் பார்த்தேன்.

“பாப்பா நல்லா இருக்காளா?” என்று கேட்டேன்.

அவள் முகம் மலர்ந்தது. அங்கன்வாடிக்குப் போகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள் என்றாள். நான் லேசாக மூச்சு விட்டதை அவள் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். பஸ் வருகிறதா என்று சாலையை எட்டிப் பார்த்தாள். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னாள்.

“பிள்ள நல்லாத்தான்க்கா இருக்கா. அவதான் எனக்கு எல்லாம். அது வேற. என்னைய ஒரு வார்த்த கேக்காம அவுகளுக்கு லெட்டர் போட்டிய பாத்தியளா, அது வேற.”

பஸ் வந்தது. அட்டையைச் சரிசெய்துகொண்டு ஏறிப் போனாள்.